ஆளுக்கு நான்கு மணி நேரம்

தூங்கும்போது மூச்சு விடுவதை யாரும் ஒரு திறமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. கோயமுத்தூரில் கணபதி பகுதியில், பம்பு செட் பட்டறைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு சந்தில் ஆறு பேர் மட்டும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அந்தத் திறமை போய்விட்டிருந்தது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் வந்த கழுத்துக் காய்ச்சலின் மிச்சம் அது. காய்ச்சல் நான்கு நாளில் விட்டது. விடுகிற போக்கில் தலைக்கும் கழுத்துக்கும் நடுவே ஏதோ ஒரு நரம்பைத் தின்றுவிட்டுப் போனது. விழித்திருக்கும்வரை ஒரு குறையும் இல்லை. ஓடலாம், பாடலாம், மாமியாரோடு மல்லுக்கு நிற்கலாம். கண் அசந்தால்தான் உடம்பு மூச்சை மறந்துவிடும். அதற்காக விலாவுக்குக் கீழே ஒரு கம்பியைத் தைத்து, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். பெட்டி துடிக்கும், மூச்சு வரும். மூச்சுப்பெட்டி என்றே அதற்குப் பேர் நிலைத்தது. இலவசத் திட்டத்தில் கொடுத்ததால் எல்லோரும் கும்பிடு போட்டு வாங்கிக்கொண்டார்கள். பத்து வருடம் கழித்து உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று எட்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை ஒருவரும் படிக்கவில்லை. பத்து வருடம் முடிவதற்குள் கம்பெனி திவாலாகிப் போனது. உரிமம் முடிந்தால் பெட்டியை நிறுத்துகிற பூட்டை மட்டும் உள்ளே விட்டுவிட்டுப் போனது. பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தேதி பார்த்து நின்றன.

பணம் இருந்தவர்கள் வெளிநாடு போனார்கள். ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தவர்கள் அங்கே படுத்தார்கள். மற்றவர்கள் முடிந்தவரை விழித்திருந்துவிட்டு, முடியாதபோது தூங்கினார்கள். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

இந்தச் சந்தில் மட்டும் ஆறு பேர் பிழைத்துக் கிடந்ததற்குக் காரணம் தாரிணி. நாற்பத்திரண்டு வயது, பம்பு கம்பெனி ஒன்றின் டூல் ரூமில் பதினாறு வருட வேலை. பொழுதுபோகாத ஞாயிற்றுக்கிழமைகளில் பெயர்ப்பலகையும் சாவிக்கொத்தும் செதுக்குவதற்காக, மேசை மேல் வைக்கிற ஒரு சின்ன மில்லிங் மெஷின் வாங்கியிருந்தாள். நின்றுபோன பெட்டியைப் பிரித்துப் பார்த்தவளும் அவள்தான். துடிப்பைத் தருகிற சிப் நன்றாகவே இருந்தது. அது உட்கார்ந்திருந்த சர்க்யூட் பலகையில்தான் பூட்டு. சிப்பைக் கழற்றி, பூட்டில்லாத வேறு பலகையில் வைத்தால் பெட்டி துடிக்கும்.

வேறு பலகைக்கு எங்கே போவது? பலகை செய்கிற கடைகள் ஒவ்வொரு வரைபடத்தையும் பதிவு செய்தாக வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. இந்த வரைபடத்தைக் காட்டினால், செத்துப்போன கம்பெனியின் சொத்து என்று சொல்லி கம்ப்யூட்டரே திருப்பி அனுப்பியது. செம்பை அரிக்கிற திராவகம் உரிமம் இல்லாமல் கிடைக்காது. ஆகவே செம்புத் தகடு ஒட்டிய பலகையை வாங்கி, தேவையில்லாத செம்பைச் சுரண்டி எடுத்து, கோடு கோடாகப் பிரிக்க வேண்டியிருந்தது. சுரண்டுகிற பிட்டின் முனை தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். உற்றுப் பார்த்தாலே உடைந்துவிடும் போலிருக்கும். அந்த அளவு முனைகளையும் சட்டம் விட்டுவைக்கவில்லை. தாரிணியிடம் பழைய சரக்காகப் பதினொன்று இருந்தன.

அதில் பத்து உடைந்திருந்தது. அந்தப் பத்தில் தேறிய நல்ல பலகை ஒன்றே ஒன்று.

ஒரு பலகை, ஒரு பெட்டி, ஆறு பேர். ஆளுக்கு நான்கு மணி நேரம் என்று மில் ஷிப்ட் போலப் பிரித்துக்கொண்டார்கள். பெட்டி நான்காவது வீட்டு நஸ்ரீனின் முன்னறையில், ஒரு கட்டிலோரம் இருந்தது. நஸ்ரீன் முன்பு வார்டு நர்ஸ். அவளும் ஆறு பேரில் ஒருத்திதான் என்றாலும், முறைப் பலகையை எழுதுவதும், நேரம் முடிந்தால் தட்டி எழுப்புவதும் அவள் பொறுப்பு. ஒருவர் எழுந்த சூட்டிலேயே அடுத்தவர் படுப்பார். ஏழு மாதமாக அந்தக் கட்டில் ஆறியதே இல்லை.

தாரிணிக்கு மாலை ஆறிலிருந்து பத்து. அவள் கணவன் கவினுக்கு மதியம் இரண்டிலிருந்து ஆறு. நான்கு மணி நேரம் தாரிணிக்கு எப்படியோ போதுமாக இருந்தது. கவினுக்குப் போதவில்லை. மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற வேலையில் விரல் பிசகாத ஆள், இப்போது சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றான். போன வாரம் காலையில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கிவிட்டான். பார்த்தவர்கள் போட்ட சத்தத்தில் தாரிணி ஓடிவந்தபோது உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. கன்னத்தில் நான்கு அறை விட்ட பிறகுதான் மூச்சு வந்தது. "எதுக்கு அடிக்கற?" என்று கேட்டான். அவள் நடுவீதியில் உட்கார்ந்து அழுதாள்.

இரண்டாவது பலகை ஒன்று தேறினால் ஆளுக்கு எட்டு மணி நேரம். கவின் பிழைத்துக்கொள்வான். அதற்கு இருந்தது பதினோராவது பிட் ஒன்றுதான்.

அன்றைக்குக் காலை பதினோரு மணிக்கு அதை மாட்டினாள்.

கவின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். விழித்திருக்கிறவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது சந்தின் வழக்கம். பேச்சு தீர்ந்துபோனால் தெரிந்ததையே கேட்பார்கள்.

"பலகையில எதுக்கு அத்தனை தடவ குத்திக் குத்திப் பாக்குது?"

பிட் பலகையின் மேல் இறங்கி, தொட்டு, எழுந்து, அரை அங்குலம் நகர்ந்து மறுபடி தொட்டுக்கொண்டிருந்தது.

"பாத்தா தட்டையா இருக்குதுங்க. தொட்டுப் பாத்தா அப்பளமாட்ட மேடும் பள்ளமும். மேட்டுல போயி முட்டுனா முனை போயிரும், பள்ளத்துல செம்பு அறுபடாது. எங்க எவ்வளவு ஒசரம்னு மொதல்லயே தொட்டுப் பாத்துக்கிச்சுன்னா, ஓட்டறப்ப அதுக்குத் தகுந்த மாதிரி ஏறி எறங்கும்."

"உனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

"உடைஞ்ச பிட்டுதான்."

அவன் சிரித்தான். சிரிப்பு முடிந்தும் வாய் மூடாமல் அப்படியே இருந்தது. அவள் முழங்கையால் ஒரு இடி கொடுத்தாள்.

"தூங்கலடி. கேட்டுட்டுத்தான் இருக்கறேன்."

தொட்டுப் பார்க்கும் வேலை முடிந்ததும் அவள் திரையில் 'மேலே 5' என்ற பொத்தானை அமுக்கினாள். இப்படி இரண்டு பொத்தான்களை அவளே செய்து வைத்திருந்தாள். 'மேலே 5' அமுக்கினால் பலகை ஐந்து மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பதாக மெஷின் நினைத்துக்கொள்ளும். முழு வரைபடத்தையும் வெறுங்காற்றில் ஓட்டிப் பார்க்கலாம். எங்காவது இடிக்குமா, வயர் மாட்டுமா என்று தெரிந்துவிடும். பிறகு 'கீழே 5' அமுக்கினால் பழைய கணக்குக்கு வந்துவிடும். தூக்கக் கலக்கத்தில் எண்ணைத் தப்பாகத் தட்டி மூன்று பிட் போன பிறகு செய்த ஏற்பாடு இது. ஒரு அமுக்கு, அவ்வளவுதான்.

"காத்துல ஓட்டறதுக்கு ஒரு மணி நேரமா? நேரா வெட்டிட்டா என்ன?"

"கடைசி பிட்டுங்க இது."

"தெரியும். சும்மா கேட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொன்னான். "தாரு, எட்டு மணி நேரம் கெடச்சா நான் மொதல்ல என்ன பண்ணுவேன் தெரியுமா?"

"என்ன பண்ணுவீங்க?"

"தூங்குவேன்."

"அறிவுதான் போங்க."

"இல்லடி, அதுக்கப்புறமும் தூங்குவேன். ரெண்டு பெட்டி இருந்தா ஒரே நேரத்துல ரெண்டு பேரும் படுக்கலாமில்ல. ஏழு மாசமாச்சு உன்ற கால் என் மேல விழுந்து."

பிட் காற்றில் தன் கோடுகளைப் போட்டுக்கொண்டிருந்தது. எங்கும் இடிக்கவில்லை, எந்த வயரும் குறுக்கே வரவில்லை. ஒரு மணி அடிக்கும்போது ஓட்டம் முடிந்து, பிட் தூக்கி நின்றது. தாரிணிக்குத் திரையில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. இந்த நிலைமையில் தொடக்கூடாது என்று அவளுக்கே புத்தி சொல்லத் தெரிந்திருந்தது.

"மூஞ்சி கழுவிட்டு வந்தர்றேன். கண்ண மூடிராதீங்க."

"மூட மாட்டேன், போ."

முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு, தலையையும் ஒருமுறை குழாய்க்கடியில் காட்டிவிட்டு வந்தாள். கவின் விழித்துத்தான் இருந்தான். ஏதோ சாதித்துவிட்ட மாதிரி அவளைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான். அவள் பலகை அசையாமல் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்த்தாள். 'கீழே 5' அமுக்கினாள். பிட் சுழலத் தொடங்கியது. சத்தம் சீராக வரும்வரை காத்திருந்தாள். 'ஓட்டு' என்று கட்டளை கொடுத்தாள்.

பிட் முதல் இடத்துக்கு நகர்ந்து, இறங்கி, இறங்கிக்கொண்டே போனது.

'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவு சின்னச் சத்தம். கேட்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தாரிணி நிறுத்தும் பொத்தானை அடித்தபோது மெஷின் மொட்டைக் குச்சியைப் பலகைக்குள் நெரித்துக்கொண்டிருந்தது. கருகிய நாற்றம் வந்தது.

"என்னாச்சு?" கவின் எழுந்துவிட்டான். "நான்தான் எறக்கி வெச்சிட்டேனே தாரு. நீ மூஞ்சி கழுவப் போனப்பவே கீழே அஞ்சு அமுக்கிட்டேன். உனக்கு ஒரு வேல மிச்சமாகட்டும்னு..."

அந்த வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. அவள் கையைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். ஒரு முறை ஏற்றியதை இரண்டு முறை இறக்கியிருந்தார்கள். காயில் கட்டுகிறவனுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லித்தர வேண்டியதில்லை.

தாரிணிக்கு முதலில் வந்தது கோபம். அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அதற்கடுத்த நொடியில், திரையில் ஓரமாக இருந்த உயர எண்ணை ஒருமுறை பார்த்திருந்தால் போதுமே, ஏன் பார்க்கவில்லை என்று தன் மேலேயே அது திரும்பியது. அதற்கும் அடுத்த நொடியில் அந்த விதி ஞாபகம் வந்தது. கோபம் போய்ப் பயம் வந்தது.

பிட்டை உடைத்தவர் தன் அடுத்த முறையை விட்டுக்கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் ஆளாளுக்கு மெஷினை ஓட்டினார்கள். ஒருவன் போனில் சிரித்துப் பேசிக்கொண்டே ஓட்டி ஒரு பிட்டை முறித்தான். அன்றைக்கு இந்த விதியைக் கொண்டுவந்தது தாரிணியேதான். "ஒரு முறை போனா யாரும் செத்துர மாட்டாங்க, புத்தி வரும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். அது உண்மையாகவும் இருந்தது. அவன் சாகவில்லை. ஆனால் அவன் கவின் இல்லை. கவினுக்கு ஒரு முறை போனால் என்ன ஆகும் என்று போன வாரம் குழாயடியில் எல்லோரும் பார்த்தாயிற்று.

"நீங்க அமுக்குனது பதியலைங்க" என்றாள். "பிட்டுலயே விரிசல் இருந்திருக்கு. மாட்டறப்பவே சந்தேகப்பட்டேன்."

"அப்படியா?"

"அப்படித்தான். போங்க, ரெண்டு மணியாகப் போகுது. போயித் தூங்குங்க. எந்திரிச்சு வந்து பேசிக்கலாம்."

அவன் தலையை ஆட்டினான். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினான். அவள் கூப்பிட்டு மாற்றிவிட்டாள்.

அவன் சந்தில் இறங்கியதும் நஸ்ரீனுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். 'கடைசி பிட் போச்சுக்கா. நான்தான் உடைத்தேன். என் ஆறு மணி முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.' உடனே பதில் வந்தது. 'சரி.' நஸ்ரீன் ஆறுதல் சொல்கிற ரகம் இல்லை.

இன்னும் ஒரு நாள் முழுக்க விழித்திருக்க வேண்டும். இருந்துவிடலாம் என்றுதான் தாரிணி நினைத்தாள். உடைந்த முனை பலகைக்குள் புதைந்திருந்தது. இடுக்கியால் அதைப் பிடுங்கப் பார்த்து, ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. பிடுங்கி என்ன ஆகப்போகிறது என்று அவளுக்கும் தெரியாது. கை சும்மா இருந்தால் கண் மூடிக்கொள்ளும். இந்நேரம் கவின் நல்ல தூக்கத்தில் இருப்பான், பெட்டி அவன் வயிற்றைத் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டிருக்கும் என்று நினைத்தபோது கொஞ்சம் தெம்பாக இருந்தது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம் என்று மூன்று மணிக்கு நஸ்ரீன் வீட்டுக்குப் போனாள்.

கட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தாள். முன்பின் பார்த்திராத பெண். இடுப்பில் பெட்டி, வாய் திறந்து, பிணம் போலத் தூக்கம். கட்டிலுக்குக் கீழே தரையில் அதே முகச்சாடையில் இன்னொருத்தி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாருக்கா இவங்க? அவர் எங்க?"

நஸ்ரீன் அவளைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"திருப்பூர்ல இருந்து வந்திருக்காங்க, அக்கா தங்கச்சி. மத்தியானம் வந்து கேட்டுல நின்னாங்க. அவங்க பெட்டியும் நின்னுபோச்சு, ரெண்டு பேரும் தூங்கி ரெண்டரை நாளாச்சு. எடமில்லைன்னு சொல்லிட்டுத்தான் இருந்தேன். அப்பத்தான் உன் மெசேஜ் வந்துச்சு. சரி, ஆறு மணிய ஒருத்திக்குக் குடுக்கலாம்னு சொல்லிட்டேன்."

"அவர் எங்கக்கா?"

"ரெண்டு மணிக்கு வந்தான். படுப்பான்னேன். மாட்டேன், பிட்ட நான்தான் ஒடச்சேன், என் முறைய எடுத்துக்கங்கன்னான். தாரிணி அவதான்னு சொல்றாளேன்னு கேட்டேன். பொய் சொல்றா, எனக்காகச் சொல்றான்னான். நீ வெளிய போனப்ப அமுக்கினது, நீ வந்து மறுபடி அமுக்கினது, எல்லாத்தையும் வரிசையாச் சொன்னான்."

"அவருக்கு ஒரு முறை போனா..."

"எனக்குத் தெரியாதா? நாலு தடவ சொல்லிப் பாத்தேன். கேக்கல. இந்த விதிய என் பொண்டாட்டி போட்டா, அவ வீட்டுக்கு மட்டும் செல்லாதான்னு கேட்டான். நான் என்னத்த சொல்றது? நான் யோசிக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து கட்டில்ல படுக்க வெச்சிட்டான். பெட்டிய மாட்டுனதும் அவன்தான்."

தாரிணி சுவரில் சாய்ந்துகொண்டாள். "ரெண்டு பேரும் குடுக்கணும்னு விதியில்ல. ஒருத்தர்தான். நான்தான் ஒடச்சேன். அப்ப என் ஆறு மணிய அவருக்குக் குடுங்கக்கா."

"நானா மாட்டேங்கறேன்? அந்தத் தங்கச்சிக்காரிகிட்ட சொல்லிட்டேன். அவகிட்ட நீயே கேளு. என்னால முடியாது."

முன்னறையில் அந்தப் பெண் இவளைப் பார்த்ததும் எழ முயன்றாள். கால் பிடி கொடுக்கவில்லை. கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"நீங்கதானுங்களா ஆறு மணிய விட்டுக் குடுத்தது? நர்ஸக்கா சொன்னாங்க. நீங்க நல்லா இருக்கோணும்."

தாரிணி அவள் முன்னால் உட்கார்ந்தாள். "உங்க பேரு என்னங்க?"

"ரிதன்யா."

"ரிதன்யா, எனக்கு அந்த ஆறு மணி திருப்பி வேணும். எனக்கில்ல, என்ற வீட்டுக்காரருக்கு. உங்க அக்காளுக்கு எடம் குடுத்தவர். அவரால நாளைக்கு வரைக்கும் தாங்க முடியாது."

சொன்னது புரிந்து முகத்தில் இறங்க நேரம் பிடித்தது. ரிதன்யா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கட்டிலில் கிடந்த அக்காளைப் பார்த்தாள்.

"மாட்டேனுங்க" என்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள். "நான் செத்துருவேனுங்க."

அப்புறம் தரையில் நகர்ந்து போய்க் கட்டில் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். பிடுங்கிவிடுவார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. தாரிணிக்கு அவளைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று உண்மையாகவே தோன்றியது. அறை விடுவதற்குக் கைகூட எழுந்தது. அந்தக் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசலில் முறைப் பலகையை நஸ்ரீன் ஏற்கனவே அழித்துத் திருப்பி எழுதியிருந்தாள். இனி எட்டு பேர், ஆளுக்கு மூன்று மணி நேரம். நாளைய வரிசையில் கவினின் பெயருக்கு நேராக மாலை மூன்று என்று இருந்தது. இன்றைக்கு மணி மூன்றே கால்.

கவின் வீட்டின் பின்பக்கம், துவைக்கிற கல்லில் உட்கார்ந்து காலை வாளித் தண்ணீருக்குள் விட்டிருந்தான். அவளைப் பார்த்ததும் தப்புச் செய்தவன் மாதிரிச் சிரித்தான்.

"நீ எதுக்குடி சொன்ன?"

"நீங்க எதுக்குச் சொன்னீங்க?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. தாரிணிக்கு அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அவன் கவனிக்கவில்லை. சிரித்து முடிப்பதற்குள் அவன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். கொஞ்சம் பலமாகத்தான் உலுக்க வேண்டியிருந்தது.

"இருக்கறேன், இருக்கறேன்" என்றான். "அந்தப் பொண்ணு தூங்கறாளா?"

"தூங்கறா."

"பெட்டிய மாட்டுனதும் அவ வயிறு ஏறி எறங்குச்சு பாரு, எனக்கே தூங்கின மாதிரி இருந்துச்சு." கண்ணைக் கசக்கிக்கொண்டான். "எனக்கு அடுத்தது எப்ப தாரு? முறைப் பலகையப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எத்தன மணிக்கு?"

"காலைல ஆறு மணிக்குங்க."

"ஆறா?" அவன் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தான். நடுவில் எண்ணிக்கை தவறி, மறுபடி முதலிலிருந்து எண்ணினான். முகம் தெளிந்தது. "பதினஞ்சு மணி நேரம்தான். அதுவரைக்கும் தாங்கிருவேன்."

அவள் அவன் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்து, தன் காலையும் அந்த வாளிக்குள் விட்டாள். காலை ஆறு மணிக்கு அவனிடம் என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை.